பதினாறு கட்டுகளும் ஒரு பல்லக்கும்

முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆபீசர் என் கையில் ஒரு ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார். கல்லூரி ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை இடுப்பில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இடம் புதுக்கோட்டை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ராஜா காலத்து நிலப் பதிவேடுகள் ஒரு பழைய கட்டடத்தில் அப்படியே கிடந்தன. அது எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது தொடர வேண்டும்.

கீழே ரெக்கார்டு ரூம். அதில் என் மேசை. பக்கத்தில் இருபத்து நான்கு கட்டுகள் கொள்ளும் ஒரு மர ரேக். மேலே மச்சு. மச்சில் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அறைக்கு வெளியே, நடையில், மச்சுக்குப் போக இருபத்திரண்டு மரப்படிகள். யாராவது நகல் கேட்டு மனுப் போட்டால் செக்‌ஷனிலிருந்து எனக்கு ஒரு சீட்டு வரும். அட்டெண்டர் மச்சுக்கு ஏறி, தேடி, தூசி தட்டிக் கட்டைக் கொண்டு வருவார். மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கட்டுகளும் மச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். 'அனைத்தும் ஏற்றப்பட்டன' என்று ரிஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அட்டெண்டர் "ஏத்தியாச்சுங்க" என்பார், நான் கையெழுத்துப் போடுவேன். மேலே ஏறிப் பார்க்கும் வழக்கம் எனக்கு முன்னால் இருந்தவருக்கும் இல்லை.

ஆபீசர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அலுவலகங்களை வேகப்படுத்துவது எப்படி என்று ஏதோ ஒரு பயிற்சி முடித்துவிட்டு, முடித்த சூட்டோடு வந்திருந்தார்.

"இங்க பாருங்கம்மா. ஒரு கட்டு கேட்டா வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது? இந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. கேட்டா 'வரும் சார்'ங்கறாங்க. ரெண்டு மாசம் டைம் தர்றேன். கடைசி வாரத்துல சராசரி பத்து நிமிஷத்துக்குள்ள வந்தாகணும். இல்லேன்னா லாரி வெச்சு மொத்தத்தையும் திருச்சிக்கு அனுப்பிடறேன். ரெக்கார்டே இல்லாத எடத்துல ரெக்கார்டு கிளார்க் எதுக்கு? ஒங்க டெம்பரரி போஸ்ட் அதோட முடிஞ்சுது."

வேலை போனால் சம்பளம் போகும் என்பது மட்டும் என் கவலை இல்லை. பொன்னமராவதியில் என் மாமா மகன் ஒருவர் ரைஸ் மில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தவிட்டைப் பற்றி மட்டுமே பேசுவார். ஒரு மணி நேரம் கூடப் பேசுவார். வேலை இருக்கும் வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மாமாவிடமிருந்து வாரம் தவறாமல் ஒரு கார்டு வரும். 'இங்கு அனைவரும் நலம். பாப்பாவுக்கு வேலை இன்னும் இருக்கிறதா?'

ஆகவே பத்து நிமிடம் என்பது எனக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

தாவூது பாயும் பாம்பும்

அட்டெண்டர் தாவூது பாய்க்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். சமஸ்தானக் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவார். திங்கட்கிழமைகளில் எங்கள் அறையில் நகல் கேட்டு வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு முட்டியிலும் வலி. வேலையின் மேல் அவருக்குப் பெரிய ஆர்வம் எதுவும் இருந்ததாக நான் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டையும் மேசையில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

முதல் வாரம், படிக்கட்டுக்குக் கீழே சாக்குப் போர்த்திய பெரிய சாமான் ஒன்று கிடப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டேன்.

"அது ராஜா காலத்துப் பல்லக்குங்க கிளார்க்கம்மா. அங்கிட்டு மட்டும் போயிராதீங்க. உள்ள பாம்பு குடியிருக்கு."

"பாம்பா? யாரும் அடிக்கலையா?"

"அதுபாட்டுக்கு அது இருக்கு, நம்மபாட்டுக்கு நாம இருக்கோம். இது வரைக்கும் ஒருத்தரையும் ஒண்ணும் செஞ்சதில்லைங்க."

நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் போனதில்லை.

எண்ணிக்கை

நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். புள்ளியியல் எனக்கு ஒரு பேப்பர்தான். ஆனால் அந்த ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு உலகத்தையே திருத்திவிடலாம் என்ற எண்ணம் அந்த வயதில் இருந்தது. மூன்று வாரம் வந்த ஒவ்வொரு சீட்டிலும் கட்டின் எண், கேட்ட தேதி, வந்து சேர எடுத்த நேரம் எல்லாம் குறித்தேன். எந்தக் கட்டை அதிகம் கேட்கிறார்களோ அதைக் கீழே ரேக்கில் நிரந்தரமாக வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்கு ராஜதந்திரம் வேண்டியதில்லை.

ஒரே ஒரு சிக்கல். சீட்டுகளில் ஏறத்தாழ பாதியில் பதினெட்டு, பத்தொன்பது நிமிடம் என்று இருந்தது. மீதிப் பாதியில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று இருந்தது. அது நடக்காத காரியம். வெறுங்கையோடு மச்சுக்கு ஏறி இறங்கவே நாலு நிமிடம் ஆகும், அதுவும் நல்ல முட்டி உள்ளவர்களுக்கு. ஸ்டாப் வாட்ச் நின்று நின்று ஓடுகிறது, அல்லது பொத்தானை நான் சரியாக அழுத்தவில்லை என்று முடிவு செய்தேன். தவறான அளவீடுகளை நீக்கிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். நீக்கினேன். பாதியை நீக்குகிறோமே என்று எனக்கு ஒரு கணம் கூடத் தோன்றவில்லை. எதையும் கிழித்துப் போடக் கூடாது என்றும் அவர் சொல்லியிருந்ததால், நீக்கிய சீட்டுகளை நூலில் கோத்து இழுப்பறையில் போட்டு வைத்தேன். அந்தப் பேராசிரியர் நன்றாக இருக்க வேண்டும்.

மீதியைக் கூட்டி வகுத்தால் சராசரி பதினெட்டு நிமிடம்.

அதிகம் கேட்கப்பட்ட கட்டுகளின் பட்டியலில் முதல் இடம் திருமயம் ஏழு. வேலை நாள் தவறாமல் தினமும் காலையில் ஒரு முறை. இரண்டாம் இடம் அன்னவாசல் பன்னிரண்டு. அதை வெவ்வேறு ஆட்கள், பெரும்பாலும் வாரக் கடைசியில் கேட்டிருந்தார்கள். ஆபீசரிடம் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று, திருமயம் கோட்டையை ஒட்டிய நிலங்களில் ஏதோ பெரிய எல்லைத் தகராறு இருப்பதாக நானே ஒரு கதை கட்டினேன். அன்னவாசலுக்கு ஒரு கண்மாய்.

ஆபீசர் மகிழ்ந்து போனார். ரேக்கில் இருபத்து நான்கு இடங்களுக்கும் வெள்ளைப் பெயிண்டில் கட்டு எண்களை எழுதவைத்தார். அந்தந்த இடத்தில் அந்தந்தக் கட்டுதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஐந்து மணிக்கு மச்சுக்கு. சென்னைக்குக் கூட ஏதோ எழுதிப் போட்டார்.

"வேற ஏதாவது இடைஞ்சல் இருக்காம்மா?"

"படிக்கட்டுக்குக் கீழ ஒரு பல்லக்குல பாம்பு இருக்கு சார். அட்டெண்டர் பயந்து பயந்து ஏறி எறங்குறாரு. அதனாலதான் லேட்டாகுதோ என்னமோ."

மறுநாளே பல்லக்கைப் பின்பக்கத்து வண்டிக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போக உத்தரவாகிவிட்டது. செய்தியைச் சொன்னதும் தாவூது பாயின் முகம் விழுந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் ஏறி இறங்கும் சத்தம் ஓயாமல் கேட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவர் கடைசிப் படியில் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கண் கலங்கியிருக்கிறது. ராஜாவின் மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு விசுவாசமா என்று எனக்கு நெஞ்சு இளகிப் போயிற்று.

ஜமாபந்தி

பட்டியல் வைத்த இரண்டாம் நாளே ஜமாபந்தி வந்தது. கிராமக் கணக்குகளை வருடத்துக்கு ஒரு முறை பிர்க்கா பிர்க்காவாக, அதாவது சில கிராமங்கள் சேர்ந்த பகுதி பகுதியாக, சரிபார்க்கும் சடங்கு அது. நான் எண்ணிக்கொண்டிருந்த மூன்று வாரமும் திருமயம் பக்கத்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது கொடும்பாளூர் பக்கம் கிளம்பியது. வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர்கூடத் திருமயம் கேட்கவில்லை. பெயிண்ட் எழுத்துகளுக்கு நேராக இருபத்து நான்கு கட்டுகளும் மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்க, தாவூது பாய் கொடும்பாளூருக்காக மச்சுக்கும் கீழுக்குமாக அலைந்தார்.

இதில் இன்னொன்று. நிலத் தகராறில் ஒரு பங்காளி வந்து நகல் வாங்கிக்கொண்டு போனால், மறுநாள் மற்றப் பங்காளி அதே கட்டைக் கேட்டு வராமல் இருக்க மாட்டார். மூன்றாம் நாள் பக்கத்து வயல்காரர் வருவார், நம்முடையதிலும் ஏதாவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மேலே போன கட்டு செவ்வாய் பத்தரைக்குக் கீழே வர வேண்டும். செவ்வாய் ஐந்துக்கு மேலே. புதன் மறுபடி கீழே.

"கிளார்க்கம்மா, இந்தக் கட்ட மூணு நாளா நான் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாரேன். பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைகூட இப்புடி அலைய விடாதுங்க."

சராசரி இருபது நிமிடத்தைத் தொட்டது. இந்த முறை இரண்டு நிமிடச் சீட்டு, பட்டியலின் முதல் இரண்டு கட்டுகளைத் தவிர, எதற்கும் வரவில்லை. ஸ்டாப் வாட்ச் சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தால் ஒரு மனுஷிக்கு அப்படித் தோன்றும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்ப்பதுண்டு.

கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் ஆபீசர் நேரில் வந்தார்.

"இருபது நிமிஷமா? பட்டியல் போட்டதுக்கு அப்புறம் கூடிருக்கா? ரேக்ல இருக்கறத யாருமே கேக்கலையா?"

"மொத ரெண்ட மட்டும் கேக்கறாங்க சார்."

"எது அந்த ரெண்டாவது?"

அன்னவாசல் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவரே அவிழ்த்தார். முதல் இருபது தாள் நிலப் பதிவேடு. அதற்குப் பிறகு வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஊசி நூலால் அழகாகத் தைத்த ஒரு தொடர்கதை. படங்களோடு. வீட்டில் வைத்தால் யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள் என்று, செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அரசாங்கப் பாதுகாப்பில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் புது அத்தியாயத்தைச் சேர்த்துத் தைக்கத்தான் வாரக் கடைசியில் அத்தனை சீட்டு.

ஆபீசர் நின்றபடியே புரட்டினார். பிறகு மெதுவாகப் புரட்டினார். பிறகு புரட்டுவது நின்றுவிட்டது. நான் பழக்கதோஷத்தில் ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். பதினோரு நிமிடம்.

"பதினேழாவது அத்தியாயத்தக் காணோமே?" என்று தலையைத் தூக்கினார். எங்கள் முகங்களைப் பார்த்ததும்தான் தாம் ஆபீசர் என்ற நினைவு வந்தது. "மொத எடத்துல இருக்கறது எங்க?" என்று கத்தினார்.

தாவூது பாய் டைப் அடிக்கும் அறையைக் கை காட்டினார். டைப்பிஸ்ட் ராமநாதன் குள்ளமான மனிதர். மேசை உயரம், நாற்காலி பள்ளம். எழுந்து நின்றார். நாற்காலியின் மேல் திருமயம் ஏழு, நடுவில் குழி விழுந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"குஷன் வேணும்னு மூணு வருஷமா எழுதிக் கேக்கறேன் சார். வரல. கட்டுலயே இதுதான் சார் உக்கார தோதா இருக்கு."

ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லைத் தகராறைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு வாரம். அதுக்கப்புறம் லாரி. சொல்லி வெச்சுட்டேன்."

இழுப்பறைச் சீட்டுகள்

அன்று மத்தியானம் கோபத்தில் இழுப்பறையைக் காலி செய்தேன். நூலில் கோத்த அந்த இரண்டு நிமிடச் சீட்டுகள் கையில் வந்தன. கிழிக்கப் போனவள் சும்மா பார்த்தேன். மேலே ஒரு சீட்டு: முந்தின நாள் கேட்ட அதே கட்டு. அடுத்தது: அதற்கு இரண்டு நாள் முன்னால் கேட்ட கட்டு. அடுத்தது: அன்று காலையிலேயே கேட்டது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கட்டு இதற்கு முன் எப்போது கேட்கப்பட்டது என்று எழுதினேன். அண்மையில் கேட்ட கட்டு என்றால் இரண்டு நிமிடம். ரொம்ப நாளாகக் கேட்காத கட்டு என்றால் பதினெட்டு. ஒன்றிரண்டைத் தவிர விலக்கே இல்லை.

பொத்தானில் கை தடுமாறினால் கண்டபடி தடுமாறும். கட்டின் தேதியைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறாது.

தாவூது பாய் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பாய், அந்தப் பல்லக்குல பாம்பு இருந்துச்சா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். "பாம்பு எங்கிட்டுங்க இருக்கு. பதினாறு கட்டு இருந்துச்சு."

"என்னது?"

"எறக்குன கட்ட மறுபடி ஏத்துறதில்லைங்க. பல்லக்குக்குள்ள வெச்சு சாக்கப் போட்டு மூடிருவேன். இன்னைக்கு ஒருத்தன் கேட்டா நாளைக்கு அவன் பங்காளி கேக்கத்தான போறான்? ரெண்டு தடவ ஏற முட்டி ஒத்துக்கிறலைங்க. புதுசா வாரது வாசப் பக்கம் இருக்கும். எடம் பத்தலைன்னா, யாரும் கேக்காம பின்னால கெடக்குறத மட்டும் மேல கொண்டு போயிருவேன்."

"அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் அப்படி மூச்சு வாங்குனீங்க?"

"மச்சுக்கு ஏறி எறங்குன மனுசன் மூச்சு வாங்காம வந்தா நீங்க சந்தேகப்பட மாட்டீங்களா?"

எல்லாச் சீட்டுகளையும் சேர்த்து மறுபடி கூட்டி வகுத்தேன். நான் வந்து ரெக்கார்டு ரூமைத் திருத்துவதற்கு முன்னால் சராசரி பத்தரை நிமிடம். இன்னும் அரை நிமிடம் குறைந்திருந்தால் போதும். நான் எதுவுமே செய்யாமல் மாமாவுக்குப் பதில் கார்டு எழுதிக்கொண்டிருந்திருக்கலாம்.

பல்லக்கு திரும்பியது

திங்கட்கிழமை ஆபீசரிடம் போய்ப் பல்லக்கைக் கேட்டேன்.

"பாம்பு?"

"போயிருச்சு சார். அப்புறம், இந்த ஒரு வாரம் அஞ்சு மணி ரிஜிஸ்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்னமோ பண்ணுங்க" என்றார். லாரிக்காரருக்குச் சொல்லிவிட்ட மனிதருக்கு இதில் அக்கறை இல்லை.

ரேக்கில் பெயிண்ட் எழுத்துகளைச் சுரண்டினோம். எந்தக் கட்டும் எந்த இடத்திலும் இருக்கலாம். ரேக்கில் இருபத்து நான்கு, பல்லக்கில் பதினாறு, ஆக நாற்பது. புதிதாக ஒன்றை இறக்க இடம் இல்லாவிட்டால், கடைசியாகக் கேட்கப்பட்டு அதிக நாள் ஆன ஒன்று மட்டும் மேலே போகும். தொடர்கதையைப் பிரித்து உரியவர்களிடம் கொடுத்தேன். ராமநாதனுக்கு என் வீட்டுத் தலையணை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தேன்.

மூன்று நாள் நன்றாகப் போயிற்று. வியாழக்கிழமை கொடும்பாளூர், கீரனூர், ஆலங்குடி மூன்று பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். நாற்பது இடம் பற்றவில்லை. கீரனூருக்காகக் கொடும்பாளூரை ஏற்றினால், அதே கொடும்பாளூரைக் கேட்டு அடுத்த சீட்டு. அதை இறக்க ஆலங்குடியை ஏற்றினால் ஆலங்குடி ஆள் வாசலில் நிற்கிறார். ஒரு மணி நேரம் எல்லாரும் வியர்த்து விறுவிறுத்து வேலை செய்தோம். ஒரு நகல்கூட வெளியே போகவில்லை. பன்னிரண்டாவது படியில், கையில் ஒரு கட்டோடு தாவூது பாய் உட்கார்ந்துவிட்டார்.

"ஏறவா எறங்கவா, ஒரு முடிவச் சொல்லுங்க கிளார்க்கம்மா. இல்லேன்னா நான் இங்கிட்டே இருந்துக்கிறேன்."

வெளியே போய்க் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். மத்தியானம் வரை கொடும்பாளூர் மட்டும், பிறகு கீரனூர், ஆலங்குடி நாளைக்கு. ஆலங்குடி ஆட்கள் என்னைத் திட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள். ஆனால் மாலைக்குள் இரண்டு பிர்க்காவின் வேலையும் முடிந்தது.

வாரக் கடைசியில் ஆபீசர் தம் கைக்கடிகாரத்தோடு என் கணக்கை ஒப்பிட்டார். சராசரி எட்டே முக்கால் நிமிடம். லாரி வேண்டாம் என்று அவரே ஆள் அனுப்பினார்.

மெமோ

"எப்படி முடிஞ்சுது? எழுதிக் கொடுங்க" என்றார். எழுதினேன். நேர்மையாக எழுத வேண்டும் என்று ஒரு வெறி. இந்த முறையைப் பல வருடங்களாகத் தாமே கண்டுபிடித்து நடத்தி வருபவர் அட்டெண்டர் தாவூது என்று, பாராட்டுகிற நினைப்பில், பெயரோடு எழுதினேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவுகள் வந்தன. ஐந்து மணி விதி ரத்து. என் போஸ்ட் நீட்டிப்பு. ரெக்கார்டு கிளார்க்கின் புதிய முறைக்குப் பாராட்டு. தாவூது பாய்க்கு ஒரு மெமோ: அரசு ஆவணங்களை அனுமதியின்றிப் பல்லக்கில் வைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

ஆபீசரிடம் ஓடினேன். "எழுத்துல வந்துட்டுதேம்மா. எழுத்துல வந்ததுக்கு மெமோ குடுக்காம இருந்தா என்னைக் கேப்பாங்க" என்றார். 'அனைத்தும் ஏற்றப்பட்டன' என்று தினமும் கையெழுத்துப் போட்டவள் நான். மெமோ போனது அவருக்கு. அந்த வெட்கம் இதை எழுதும்போதும் எனக்கு இருக்கிறது.

தாவூது பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருச சர்வீஸ்ல என் பேர டைப்படிச்சு ஒரு காயிதம் வாரது இதான் மொத தடவ" என்றார். பிறகு, "பதில நீங்களே எழுதிருங்க. முட்டி வலின்னு எழுதுங்க. வேற காரணம் ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

நான் எழுதினேன். முட்டி வலி என்று ஒரு வரி. அந்த முறை ஏன் சரியானது என்று இரண்டு பக்கம். ராமநாதன் தலையணையில் உட்கார்ந்து டைப் அடித்தார். தாவூது பாய் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்தக் காகிதம் ஒரு கட்டில் சேர்ந்தது. அந்தக் கட்டை யாரும் கேட்கவில்லை. ஆகவே எங்கள் விதிப்படி அது மச்சுக்குப் போயிற்று.

பிற்பாடு

பிறகு நான் பரீட்சை எழுதிச் சென்னையில் புள்ளியியல் வேலைக்குப் போனேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். பொன்னமராவதி மாமா மகனுக்குக் காரைக்குடியில் பெண் அமைந்தது. தவிட்டில் அந்தப் பெண்ணுக்கும் ஆர்வம் உண்டாம்.

கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு நாள் வகுப்பில் மெஷினின் மெமரியைப் பற்றிப் பாடம். வேகமான மெமரி கொஞ்சம்தான் உண்டு. டிரம் என்ற மெதுவான காந்த உருளையில் நிறைய இடம் உண்டு. புரோகிராமுக்கு வேண்டிய பக்கங்களை அங்கிருந்து இங்கே கொண்டுவர வேண்டும். இடம் நிரம்பிவிட்டால் எதைத் திருப்பி அனுப்புவது? பாடம் நடத்தியவர் போர்டில் எழுதினார்: கடைசியாகப் பயன்பட்டு அதிக நேரம் ஆனதை அனுப்பு. அண்மையில் தொட்டதைத்தான் புரோகிராம் மறுபடி தொடும். ஒரே நேரத்தில் நிறைய புரோகிராம்களை உள்ளே விட்டால் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. சிலவற்றை வெளியே நிறுத்து.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். "என்ன?" என்றார். "பங்காளிங்க சார்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் மேலே நடத்தினார்.

அடுத்த விடுமுறையில் புதுக்கோட்டை போனபோது ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். என் மேசையில் வேறு ஒருவர். தாவூது பாய் ஓய்வு பெற்றுக் கோட்டைப்பட்டினத்தோடு தங்கிவிட்டார் என்றார்கள். பணிக் காலச் சான்றுக்காக என்று மனு எழுதி, மெமோ பதில் இருந்த கட்டைக் கேட்டேன். புது அட்டெண்டர் மச்சில் தேடிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. படித்தேன். என் கையெழுத்து எங்கும் இல்லை. தாவூது பாயின் கையெழுத்து கடைசியில், கொஞ்சம் கோணலாக.

இளம் வயதில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நடக்க முடியாத ஒரு எண் உங்கள் கணக்கில் வந்தால், அதை நீக்குவதற்கு முன்னால் எழுந்து போய்ப் படிக்கட்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே யாரோ ஒருவர் உங்கள் வேலையை உங்களுக்கு முன்பே முடித்து வைத்திருப்பார். அவர் பெயரை எழுதுங்கள். ஆனால் அவருக்கு மெமோ வராத மாதிரி எழுதுங்கள்.

மறுநாள் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போய் அதே கட்டைக் கேட்டேன்.

இரண்டு நிமிடத்தில் வந்தது.